நூறு நாள் வேலையை எடுத்துவிட்டு 125 நாள் தருகிறோம் என்கிறார்கள்: நம்பலாமா?

பேரையூர்ப் பெண்:
ஆறு ஆண்டு பணித்தளப் பொறுப்பாளராக இருந்தவள் நான். வருகைப் பதிவேடு எழுதுவது, கரையில் குழி அளந்து கொடுப்பது, கைப்பேசியில் படம் பிடித்து ஏற்றுவது, இவைதான் என் வேலை. 2025 டிசம்பரில் நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக விக்சித் பாரத் ஜி ராம் ஜி என்ற புதிய சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நூறு 125 ஆகிறது என்று எங்கள் தெருவில் பலருக்கும் மகிழ்ச்சி. எனக்கு இல்லை. பழைய சட்டத்தில் உடலுழைப்புக் கூலி முழுவதும் மத்திய அரசின் பொறுப்பு. பொருள் செலவிலும் முக்கால் பங்கு அதனுடையது. இப்போது மொத்தச் செலவில் 40 விழுக்காடு மாநிலத்தின் தலையில் விழுகிறது. மாநிலத்துக்கு ஆண்டுக்கு எவ்வளவு என்பதையும் டெல்லியே முன்கூட்டி முடிவு செய்யும். அதற்கு மேல் செலவானால் மாநிலம்தான் கட்ட வேண்டும். முன்பு நாம் வேலை கேட்டால் பணம் பின்னால் வந்தாக வேண்டும். இனி பணம் உள்ள மட்டுக்குத்தான் வேலை. இது வெட்டு இல்லாமல் வேறென்ன?

மேலூர் விவசாயி:
அம்மா, உங்கள் வருத்தம் புரிகிறது. என் வயலையும் கொஞ்சம் பாருங்கள். மூன்று ஏக்கர், பெரியாறு கால்வாய்ப் பாசனம், ஒருபோகம். தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று வைகை அணையின் நீர்மட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். திறந்துவிட்டால் ஊர் முழுக்க ஒரே சமயத்தில் நடவு. போன முறை என் நாற்று 35 நாளைத் தாண்டிவிட்டது. நாற்றங்காலில் நுனி பழுத்து நிற்கிறது, நடவுக்கு ஆள் இல்லை. அதே நாளில் ஊருக்கு மேற்கே கண்மாய்க் கரையில் ஐம்பது அறுபது பேர் மண்வெட்டியோடு நிற்கிறார்கள். விதைப்பும் அறுவடையும் நடக்கும் காலத்தில் ஆண்டுக்கு 60 நாள் இந்த வேலையை நிறுத்திவைக்கப் புதிய சட்டம் சொல்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டாக நாங்கள் கேட்டது இதைத்தான்.

இன்னொன்று. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் எங்கள் வரத்துக்காலை நூறு நாள் வேலையில் மூன்று முறை தூர்வாரினார்கள். வாரிய மண்ணை ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போனார்கள். அடுத்த மழையில் அதே மண் அதே காலுக்குள் இறங்கிவிட்டது. கண்மாய்க்குத் தண்ணீர் வரவில்லை.

பேரையூர்ப் பெண்:
ஐயா, வரத்துக்கால் விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை. எங்கள் ஊரிலும் நடந்திருக்கிறது. மண்ணை எங்கே கொட்டுவது என்று திட்ட மதிப்பீட்டிலேயே எழுத வேண்டும். எழுதுவதில்லை.

ஆனால் நடவுக் கணக்கை நான் மறுக்கிறேன். நடவு நடுகிறவர்களும் கரையில் மண் சுமக்கிறவர்களும் வேறு வேறு ஆட்கள் இல்லை. பக்கத்து ஊர்களில் நடவு தொடங்கும் வாரங்களில் என் பதிவேட்டில் பாதிப் பெயருக்கு எதிரே கட்டம் காலியாக இருக்கும். நடவுக்கூலி கூடுதல் என்றால் அங்கேதான் போவார்கள். தமிழ்நாட்டுக்கு 2025-26இல் அறிவித்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். அதுவும் அளவுக்குழி குறைந்தால் குறையும். அதை நம்பி யார் நடவை விடுவார்கள்?

அப்படியும் கரைக்கு வந்தவர்கள் யார் என்று பாருங்கள். இன்று நடவை ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி ஒரு குழுவாக எடுக்கிறார்கள். முட்டி தேய்ந்தவளையும் கை வேகம் குறைந்தவளையும் அந்தக் குழுவில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் மற்றவர்களின் பங்கு குறையும். என்னிடம் வேலை பார்த்த ஒரு பாட்டி, வயது 64. வெற்றிலைப் பையை வேப்பமரக் கிளையில் மாட்டிவிட்டு, மண் சட்டியைத் தலையில் வைக்காமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடப்பார், கழுத்து வலி. வேலையை நிறுத்தினால் அந்தப் பாட்டி உங்கள் வயலுக்கு வந்து நடப்போவதில்லை. வீட்டில் சும்மா இருப்பார், அவ்வளவுதான்.

உசிலம்பட்டி இளைஞன்:
அக்கா, பாட்டியைப் பற்றி எழுதினால் எல்லோருக்கும் மனம் இளகும். முறைகேட்டைப் பற்றியும் பேசுங்கள். வெளியூரில் வேலை பார்ப்பவர் பெயருக்கு இங்கே வருகை விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஒப்பந்தக்காரர் கூடாது, இயந்திரம் கூடாது என்று சட்டம் சொன்ன வேலையில் இரவில் இயந்திரம் வைத்து மண் அள்ளினார்கள். கைப்பேசியில் வருகைப் படம் கட்டாயம் என்று 2023 ஜனவரியில் வந்தபோது நான் வரவேற்றேன். மாநிலமும் 40 விழுக்காடு போட்டால், தன் பணம் என்ற அக்கறையோடு கண்காணிக்கும்.

பேரையூர்ப் பெண்:
தம்பி, திருட்டை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தப் படத்தை எடுத்த கை என்னுடையது. காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. எங்கள் கண்மாய் உள்வாயில் சிக்னல் கிடையாது. கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கலுங்கு வரை ஓடுவேன். ஒரு நாள் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, ஏறவில்லை. 38 பெண்கள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். முக்காடு போட்டிருந்தவர்களை முகம் தெரியட்டும் என்று விலக்கச் சொன்னேன். நேரம் கடந்துவிட்டது. மண் வெட்டியது உண்மை, குழி அங்கேயே இருந்தது, ஆனால் 38 பேருக்கும் அன்றைய கூலி இல்லை. அவர்கள் என்னைத் திட்டவில்லை, தம்பி. "நீ என்ன செய்வாய் தாயி" என்றார்கள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

திருடுகிறவனைப் பிடிக்கச் சமூகத் தணிக்கை பழைய சட்டத்திலேயே இருந்தது. பதிவேட்டைக் கிராம சபையில் ஊரார் முன் வாசித்தால், யார் வெளியூரில் இருக்கிறான் என்று சொல்ல எங்கள் பெண்களுக்குக் கைப்பேசி வேண்டாம்.

திருமங்கலம் ஆசிரியர்:
இருவரும் விட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். 2020-21 கொரோனா ஆண்டில் இந்தத் திட்டத்துக்கு ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் செலவானது. 2023-24 பட்ஜெட்டில் முதலில் ஒதுக்கியது 60,000 கோடி. சட்டத்தில் நூறு நாள் என்று எழுதியிருந்தும் நாடு முழுவதும் ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக ஐம்பது நாளை ஒட்டித்தான் வேலை கிடைத்து வந்தது. அந்த நூறையே எட்டாதபோது 125 எங்கிருந்து வரும்? வேலை செய்த பிறகும் காத்திருப்புதான். பதினைந்து நாளில் கூலி தர வேண்டும் என்பது விதி. 2025 ஜனவரியில் தமிழக முதல்வர் 1,056 கோடி ரூபாய் கூலி பாக்கியை விடுவிக்கக் கோரிப் பிரதமருக்குக் கடிதம் எழுதும் நிலை வந்தது. மாநில அக்கறை பற்றித் தம்பி சொன்னார். கையில் பணமில்லாத மாநிலம் கண்காணிப்பைக் கூட்டாது, வேலையைத்தான் குறைக்கும்.

மேலூர் விவசாயி:
ஆசிரியர் ஐயா, பாக்கி வைப்பது தவறு. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. வேலை செய்த கையில் கூலி வைக்காத அரசு எந்த அரசாக இருந்தாலும் தவறுதான். ஆனால் 60 நாள் நிறுத்தத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அறுவடைக்கு இயந்திரம் வந்துவிட்டது. நடவுக்கு என் போன்ற சிறு வயல்காரனுக்கு இன்னும் கைதான். அந்தப் பெண்மணி சொன்ன பாட்டிகள் விஷயம் நான் யோசிக்காதது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஐம்பது பேர் வேலையும் நடக்க வேண்டுமா?

ஒன்று செய்யலாம். ஊராட்சிக்கு ஊராட்சி தனித்தனியாக அந்த நாள்களை அறிவிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மேலூருக்குத் தண்ணீர் திறப்பை ஒட்டி, பேரையூர் மானாவாரிக்கு மழையை ஒட்டி. மாவட்டம் முழுவதற்கும் ஒரே தேதி போட்டால் இரண்டு பக்கமும் கெடும். எங்கள் ஊர்த் தேதியை எழுதி அடுத்த கிராம சபையில் தீர்மானமாகக் கொடுக்கப்போகிறேன்.

பேரையூர்ப் பெண்:
கொடுங்கள் ஐயா. நாங்களும் எங்கள் ஊரில் கொடுக்கிறோம். நீங்கள் எழுதும் தாளில் இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும்: நடவுக்குழுவில் சேர்த்துக்கொள்ளாத பெண்களுக்கு அந்த 60 நாளும் நாற்றங்காலுக்கு நிழல் அமைப்பதோ, பள்ளிக்கூட மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதோ, ஏதாவது இலகுவான வேலை ஊரிலேயே வேண்டும் என்று. மேலூர்க்காரர் கையால் அந்த வரி வந்தால், நாங்கள் எழுதுவதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.