பொருள்: கன்று வாங்கும்போது வேர், மருந்து அடிக்கும்போது காற்று

அனைவருக்கும் வணக்கம்.

நாட்டு மர நடவுக்கு எத்தனை அடிக் கன்று வாங்குவது, புல்லுக்கு எப்போது களைக்கொல்லி மருந்து அடிப்பது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே நடவு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிச் செய்யவேண்டிய வேலைகள். கன்றுக்கு ஓராண்டு முன்பே சொல்லி வைக்கவேண்டும், மருந்தை மூன்று நான்கு வாரம் முன்பே அடித்துவிட வேண்டும். கன்று வந்திறங்கிய பிறகு புல்லைப் பார்த்துப் பதறுவதில்தான் பாதி நடவு கெடுகிறது.

நர்சரியில் விலையைக் கேட்கும் முன் விதையைப் பற்றிக் கேளுங்கள்: எந்தப் பகுதியில் எடுத்தது, எத்தனை தாய் மரத்திலிருந்து? ஒரே மரத்தில் பொறுக்கிய விதை என்றால் ஆயிரம் கன்றும் உடன்பிறப்புகள். பின்னாளில் அவை தங்களுக்குள் மகரந்தம் மாறிக் கொடுக்கும் விதை நோஞ்சானாகத்தான் இருக்கும். தள்ளித் தள்ளி நிற்கும் இருபது முப்பது மரங்களிலிருந்து கலந்து எடுத்திருந்தால் நல்லது. பதில் சொல்லத் தெரியாத நர்சரியில் வாங்காதீர்கள்.

உயரத்தில் மயங்க வேண்டாம். பெரும்பாலான இனங்களுக்கு ஒன்று முதல் இரண்டு அடி போதும். தண்டு பென்சில் கனம் இருக்கவேண்டும், குச்சி முட்டுக் கொடுக்காமல் நிற்கவேண்டும். சின்னப் பையில் நான்கடி வளர்ந்த கன்றுக்கு மேலே இலை அதிகம், கீழே வேர் குறைவு. நட்ட வாரமே வாடும்.

நூறு கன்று வாங்கினால் ஐந்தையாவது பையைக் கிழித்துப் பாருங்கள். கிழித்துப் பார்க்க விடாதவரிடம் வாங்க வேண்டாம். வேர்நுனி வெள்ளையாக, மண்கட்டி உதிராமல் வரவேண்டும். ஆணிவேர் கொக்கிபோல் மேல்நோக்கி வளைந்திருந்தாலோ, அடியில் கயிறு சுற்றியதுபோல் சுருண்டிருந்தாலோ தள்ளுங்கள். அந்தச் சுருள் நட்ட பிறகும் நேராகாது, பல ஆண்டு கழித்து ஒரு பெருங்காற்றில் மரம் சாயும்போதுதான் தெரியும். வேர் பழுப்பேறி, தொட்டால் தோல் உரிந்து உள்நரம்பு மட்டும் கையில் வந்தால் வேரழுகல். அந்த வரிசையையே எடுக்காதீர்கள், மண்ணோடு நோயும் வந்துவிடும். வேரில் முடிச்சு இருந்தால் நகத்தால் நிமிண்டுங்கள். அவரை இனக் கன்றில் எளிதில் உதிர்ந்து, நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பது கன்றுக்குத் தழைச்சத்து சேர்க்கும் முடிச்சு, நல்லது. உதிராமல் வேரே வீங்கியிருந்தால் அது வேரைத் தாக்கும் நூற்புழு. பைக்குள் கோரை முளைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். காசு கொடுத்துக் களை வாங்குபவர்கள் உண்டு.

நிழல்வலைக்குள் இருந்த கன்றை, நடுவதற்கு முன் ஒரு மாதம் படிப்படியாக வெயிலுக்குப் பழக்கி, தண்ணீரையும் குறைக்கவேண்டும்.

இனி மருந்து. இடம் முழுவதும் அடிக்காதீர்கள். வெறும் தரையில் அடுத்த களை முந்திக்கொள்ளும். குழி வரும் இடத்தில் ஒரு மீட்டர் வட்டம் போதும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியின் 41 சதவீதக் கரைசல் என்றால் பொதுவாக லிட்டருக்கு 10 மில்லி, 15 லிட்டர் டேங்குக்கு 150 மில்லி. ஆனாலும் லேபிளில் போட்டிருப்பதை மீற வேண்டாம், உங்கள் நாட்டில் யார் அடிக்கலாம் என்ற விதியையும் பாருங்கள். கலங்கல் தண்ணீரில் கலந்தால் மருந்து மண்துகளில் ஒட்டிச் செயலிழக்கும், உப்புத் தண்ணீரும் வீரியத்தைக் குறைக்கும். வாடி நிற்கும் புல்லில் அடிப்பது வீண், பச்சையாகத் தழைத்திருக்கும்போதுதான் அது கிழங்குவரை இறங்கும். கோரை ஒரே அடியில் போகாது, மறுபடி தளிர்த்ததும் இரண்டாம் முறை அடிக்கவேண்டும். அடித்தபின் ஆறு மணி நேரம் மழை கூடாது. மாதக்கணக்கில் மண்ணில் தங்கும் இமாசாபைர் போன்ற களைக்கொல்லிகளை நடவு இடத்துக்குக் கொண்டு வரவே வேண்டாம், வேர் வழியாகக் கன்றையும் கொல்லும்.

இலேசான, திசை மாறாத காற்று நல்லது. இலையே அசையாத விடியற்காலைதான் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு: அப்போது நுண்துளிகள் மேலெழாமல் தரையோரம் மிதந்து எங்கோ போய் இறங்கும். அழுத்தத்தைக் குறைத்து, பெருந்துளி விழும் நாசில் போடுங்கள். நட்ட பிறகு அடித்தே ஆகவேண்டுமென்றால் ஒவ்வொரு கன்றையும் வாளியால் மூடிவிட்டு அடியுங்கள், பச்சைத் தண்டும் மருந்தை உறிஞ்சும். என் கருத்தில் அந்தக் கட்டத்தில் கைக்களையும், தண்டைத் தொடாத நான்கு அங்குல மூடாக்கும் மேல்.

ஆபத்து அதிகம் அடிக்கும்போது அல்ல, கலக்கும்போது. அப்போதுதான் கையில் இருப்பது நீர் சேராத மருந்து. நைட்ரைல் கையுறை, முகமறைப்பு, ரப்பர் பூட்ஸ் வேண்டும், கால்சட்டை பூட்ஸுக்கு வெளியே தொங்கவேண்டும். துத்தநாகம் பூசிய இரும்பு வாளியில் கலக்காதீர்கள், தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வரும். குளக்கரையில் சாதாரணக் கிளைபோசேட் கலவை கூடாது; மருந்து இலையில் ஒட்டுவதற்காக அதில் சேர்த்திருக்கும் பொருள் தவளைக்கு நஞ்சு. காலிப் புட்டியை மூன்று முறை அலசி, அலசிய நீரை டேங்கிலேயே ஊற்றி அடித்துவிட்டு, புட்டியில் ஓட்டை போடுங்கள். கையுறையைக் கழற்றும் முன் கையுறையோடு கழுவவேண்டும்.