புரமோட்டர் பங்கு கூடியிருக்கிறது என்றால் வாங்கியது யார்?

ஷேர்ஹோல்டிங் பேட்டர்ன் (நிறுவனப் பங்குகள் யார் யாரிடம் எவ்வளவு என்று காலாண்டுதோறும் வரும் அட்டவணை) பார்த்து ஒரு பங்கை எடுத்தவர்கள், வேண்டாம் என்று விட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். முதலில் நான் சொல்கிறேன்.

நான் கவனித்து வந்த ஒரு ரசாயன நிறுவனத்தில் புரமோட்டர் (நிறுவனத்தைக் கையில் வைத்திருக்கும் முதலாளி தரப்பு) பங்கு ஒரே காலாண்டில் 54 சதவீதத்தில் இருந்து 56 ஆனது. வாட்ஸ்ஆப் குழுவில் ஒரே கொண்டாட்டம்: "முதலாளியே வாங்குகிறார், இதைவிட என்ன வேண்டும்?" நான் பி.எஸ்.இ. (மும்பை பங்குச் சந்தை) தளத்தில் முழு அட்டவணையையும் திறந்து, சதவீதத்தை விட்டுவிட்டுப் பங்குகளின் எண்ணிக்கையைப் பார்த்தேன். போன காலாண்டில் இருந்த அதே எண்ணிக்கை, ஒரு பங்குகூட ஏறவில்லை. நடந்தது பைபேக், அதாவது நிறுவனமே தன் பங்குகளைத் திரும்ப வாங்குவது. புரமோட்டர்கள் அதில் பங்குகளைக் கொடுக்கவில்லை, மற்றவர்கள் கொடுத்தார்கள். கணக்குக்குச் சுலபமாகச் சொன்னால், 10 கோடிப் பங்கில் அவர்களிடம் 5.4 கோடி. நிறுவனம் 36 லட்சம் பங்கைத் திரும்ப வாங்கி ரத்து செய்தால் மொத்தம் 9.64 கோடியாகச் சுருங்கிவிடும், அதே 5.4 கோடி 56 சதவீதம் ஆகிவிடும். முதலாளி பையில் இருந்து ஒரு ரூபாய் வெளியே வரவில்லை.

இதுவே தலைகீழாகவும் நடக்கும். க்யூ.ஐ.பி. மூலம், அதாவது பெரிய நிதி நிறுவனங்களுக்கு, புதுப் பங்கு வெளியிட்டால் புரமோட்டர் சதவீதம் இறங்கும். உடனே "முதலாளி விற்றுவிட்டு ஓடுகிறார்" என்று கிளப்பிவிடுவார்கள். அப்போதும் எண்ணிக்கை அசையாமல் அப்படியே நிற்கும். அதனால் சதவீதத்தை மட்டும் வட்டப்படமாகக் காட்டும் ஆப்களை நான் இதற்கு நம்புவதில்லை.

வாரண்ட்டிலும் (குறித்த விலையில் பின்னால் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை) கொஞ்சம் கவனம் வேண்டும். புரமோட்டருக்கு வாரண்ட் ஒதுக்கினார்கள் என்பது நல்ல செய்திதான். ஆனால் முதலில் கட்ட வேண்டியது விலையில் 25 சதவீதம். மீதியைக் கட்டிப் பங்காக மாற்றிக்கொள்ள 18 மாதம் அவகாசம் உண்டு. விலை இறங்கிவிட்டால் கட்டிய பணம் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டவர்களும் இருக்கிறார்கள். மாற்றி முடித்த பிறகுதான் நான் அதைக் கணக்கில் எடுப்பேன்.

* * *

நல்ல பதிவு சார். அதே அட்டவணையில் அடமானக் கட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் மாமா ஒரு உள்கட்டமைப்பு நிறுவனப் பங்கை ரொம்ப நாளாக வைத்திருந்தார். புரமோட்டர் 60 சதவீதம், அதனால் பயமில்லை என்பது அவர் வாதம். அட்டவணையைத் திறந்து பார்த்தால் அந்த அறுபதில் பெரும்பகுதி கடனுக்கு அடகில் இருந்தது. பங்கு விலை சரிந்தது, கடன் கொடுத்தவர் கூடுதல் ஈடு கேட்டார். அது வராததால் அடகுப் பங்குகளைச் சந்தையில் விற்றார். அதனால் விலை இன்னும் சரிந்தது, அப்புறம் அடுத்த கடன்காரர் விற்றார். அடுத்த காலாண்டு அட்டவணையில் புரமோட்டர் பாதியாகிவிட்டார்.

இந்தக் கட்டத்துக்கு ஒரு பின்னணி இருக்கிறது. சத்யம் கம்ப்யூட்டர் கணக்கு மோசடி விவகாரத்தின்போதுதான் புரமோட்டர்கள் தங்கள் பங்குகளை அடகு வைத்திருந்ததும், கடன் கொடுத்தவர்கள் அதை விற்றதும் வெளியே வந்தது. அதன் பிறகு 2009 ஜனவரியில் செபி (பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பு) அடமான விவரத்தைக் கட்டாயமாக்கியது. 2019 அக்டோபரில் இருந்து, அடகு புரமோட்டர் பங்கில் பாதியையோ மொத்த மூலதனத்தில் 20 சதவீதத்தையோ எட்டினால் காரணமும் சொல்ல வேண்டும்.

ஒன்று கவனியுங்கள். அட்டவணையில் இருப்பது புரமோட்டர் கையில் உள்ளதில் எத்தனை சதவீதம் அடகு என்பது. புரமோட்டர் 40, அடகு 60 என்றால் நிறுவனத்தில் 24 சதவீதம் கடன்காரர் பிடியில் இருக்கிறது. காலாண்டு அட்டவணைக்குக் காத்திருக்கவும் வேண்டாம், அடகு வைத்தாலும் மீட்டாலும் அந்தத் தகவல் பங்குச் சந்தைத் தளத்தில் தனியாக வந்துவிடும்.

* * *

சின்ன விஷயம்தான், ஆனால் நிறையப் பேர் குழம்புகிறார்கள். "2 லட்சம் ரூபாய் வரை வைத்திருக்கும் தனிநபர்கள்" என்ற அட்டவணை வரியைப் பார்த்து, சின்ன முதலீட்டாளர் கூட்டம் ஏறிவிட்டது என்று ஒருவர் எனக்கு விளக்கம் சொன்னார். அந்த 2 லட்சம் சந்தை விலையில் இல்லை, முகமதிப்பில் (நிறுவனம் பங்குக்குக் குறித்திருக்கும் அடிப்படை மதிப்பு). முகமதிப்பு 1 ரூபாய், சந்தை விலை 500 ரூபாய் என்றால், 10 கோடி ரூபாய்க்குப் பங்கு வைத்திருப்பவரும் அந்த வரியில்தான் வருவார்!

* * *

புரமோட்டர் இல்லாத நிறுவனங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? என் தங்கை முதன்முதலில் எல்&டி அட்டவணையைப் பார்த்துவிட்டு, "புரமோட்டர் பூஜ்யம் போட்டிருக்கிறார்கள் அண்ணா, ஏதோ தப்பு" என்று போன் செய்தாள். தப்பில்லை, ஐ.டி.சி.யும் எச்.டி.எஃப்.சி. வங்கியும் அப்படித்தான்.

ஆனால் பூஜ்யம் என்றால் பெரிய கை யாருமே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐ.டி.சி.யில் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவிடம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, அது பொதுப் பங்குதாரர் பக்கத்தில்தான் வரும். எல்&டியில் ஊழியர் அறக்கட்டளை பெரிய பங்குதாரர். அது அங்கே வந்த கதை சுவாரசியமானது. 2001இல் ரிலையன்ஸ் தன்னிடம் இருந்த எல்&டி பங்குகளைப் பிர்லா குழுமத்தின் கிராசிமுக்கு விற்றது. நிறுவனம் கைமாறிவிடுமோ என்று பேச்சு கிளம்பியது. கடைசியில் சிமென்ட் தொழில் மட்டும் பிரிந்து பிர்லா பக்கம் போய் அல்ட்ராடெக் ஆனது, கிராசிமின் எல்&டி பங்குகள் ஊழியர் அறக்கட்டளைக்கு வந்தன.

அதனால் நான் முதலில் பார்ப்பது பொதுப் பிரிவில் 1 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர்களின் பெயர்ப் பட்டியலைத்தான். சிறிய நிறுவனங்களில் அங்கே கேள்விப்படாத தனியார் கம்பெனிப் பெயர்கள் வரும். ஒருமுறை அப்படி ஒரு பெயரை கம்பெனி விவகாரத் துறை தளத்தில் போட்டுப் பார்த்தேன், பதிவு முகவரி புரமோட்டரின் அலுவலக முகவரியாகவே இருந்தது. சட்டப்படி அது எங்கே போய் நிற்கும் என்பது செபி பாடு. நான் அந்தப் பங்கை வாங்கவில்லை.