ராத்திரி பத்து மணிக்கு மேல் கண்டியூர் ரோடு: சைக்கிளுக்கு முன் லைட் எது வாங்கலாம்?

வெட்டாற்றங்கரை:

எல்லாருக்கும் வணக்கம். தஞ்சாவூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். கணக்கு முடித்து ஷட்டரை இறக்கும்போது பத்தைத் தாண்டிவிடும். வீடு கண்டியூரைத் தாண்டி ஆற்றங்கரை ரோட்டில் உள்ளே தள்ளி இருக்கிறது. மொத்தம் பத்து கிலோமீட்டருக்குப் பக்கம் வரும். போன வருஷம் வரை மொபெட்தான். சர்க்கரை ஏறிப்போய், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவனே மாத்திரை வாங்குகிற நிலை வந்ததும், அப்பாவின் பழைய ஹெர்குலிஸைத் தூசி தட்டி, ஓவராயில் பண்ணி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ராட் பிரேக், கேரியர், டபுள் ஸ்டாண்டு எல்லாம் உண்டு. டைனமோ எந்தக் காலத்திலோ போய்விட்டது. முன்னால் லைட் மாட்டுகிற கொக்கி மட்டும் மிச்சம்.

கரந்தை வரைக்கும் கடை வெளிச்சமே போதும். வெண்ணாறு தாண்டினால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெருவிளக்கு. கண்டியூரில் மெயின் ரோட்டை விட்டுத் திரும்பினால் கும்மிருட்டு.

ஆன்லைனில் 349 ரூபாய்க்கு ஒரு லைட் வாங்கினேன். அட்டையில் வெளிச்சம் 10,000 லூமென் என்று போட்டிருந்தது. முதல் நாள் கல்யாண வீட்டுப் பெட்ரோமாக்ஸ் மாதிரி எரிந்தது. மூன்றாவது வாரம் வெட்டாற்றுப் பாலம் வருவதற்குள் அழ ஆரம்பித்துவிட்டது. மதகுகளில் ஏறி இறங்கும்போதெல்லாம் தலையைத் தொங்கப்போடும், நிமிர்த்தி விட்டால் எதிரே வருகிறவர்கள் கண்ணில் அடிக்கும். ஒருத்தர் வண்டியை நிறுத்தியே கேட்டுவிட்டார், "என்ன லாரியா ஓட்டுறீங்க?" என்று.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். போன வாரம் நடந்ததுதான் எழுத வைத்தது. சம்பா அறுவடை நேரம் இல்லையா, ரோட்டில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ராத்திரி குவித்துக் கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடி, ஓரத்தில் கல் வைத்துவிடுகிறார்கள். கறுப்பு ரோட்டில் கறுப்புப் படுதா. கல் என் கண்ணில் பட்டபோது முன் சக்கரம் ஏற்கெனவே அதன் மேல் ஏறிவிட்டது. முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. விழுந்தது நெல் மேல், அது ஒரு லாபம்.

1,500 ரூபாய் வரை போடலாம். எத்தனை லூமென் பார்த்து வாங்குவது? பேட்டரியா, மறுபடி டைனமோவா?

சிங்கை_பெடல்:

அண்ணே, கோயமுத்தூர் சிங்காநல்லூரிலிருந்து எழுதுகிறேன். 300 கிலோமீட்டர் பிரவே, அதாவது கெடு வைத்து ஓட்டுகிற நெடுந்தூரச் சைக்கிள் பயணம், ஓட்டுகிறவன். அதற்கு 20 மணி நேரம் கெடு, அதனால் பல மணி நேரம் இருட்டில் ஓட்ட வேண்டிவரும். லைட்டுக்கு நான் கொட்டின காசில் இன்னொரு சைக்கிள் வாங்கியிருக்கலாம்.

முதலில் அந்தப் பத்தாயிரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளே இருப்பது அனேகமாக 18650 என்கிற ஒரு ரீசார்ஜ் செல். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், பெயரே அதுதான். 3.7 வோல்ட், 2600 எம்.ஏ.எச். என்றால் சுமார் 9.6 வாட் அவர், அதாவது 9.6 வாட்டை ஒரு மணி நேரம் கொடுக்கிற சக்தி. எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 லூமென் கொடுப்பதாக வைத்தால் 10,000 லூமெனுக்கு 100 வாட் வேண்டும். உங்கள் செல் ஆறு நிமிஷம்கூடத் தாங்காது. கரந்தை வருவதற்குள் முடிந்துவிடும். அந்த அட்டையில் உண்மை விலை மட்டும்தான்.

உங்களுக்கு எவ்வளவு தேவை என்று உங்கள் வேகத்திலிருந்து வாருங்கள். 18 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 5 மீட்டர். கல்லைப் பார்த்து, அது கல் என்று புரிந்து, பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை வினாடி, அதற்குள் ஏழரை மீட்டர் ஓடியிருக்கும். பிடித்து நிற்க இன்னும் ஐந்தாறு மீட்டர். ஆக, 20 மீட்டர் முன்னால் இருப்பது தெளிவாகத் தெரிந்தால் நிம்மதி. அதற்கு நிஜமான 300, 400 லூமென் தாராளம். 300-ல் வைத்தால் 3 வாட், அதே செல் மூன்று மணி நேரம் வரும். உங்கள் பாதைக்கு ஐந்து ராத்திரி.

லூமென் என்பது மொத்த வெளிச்சம். அது போய் விழுகிற இடத்தில் எவ்வளவு என்பது லக்ஸ். ஒரு குடம் தண்ணீரை வாசல் முழுக்கத் தெளிக்கலாம், ஒரே செடிக்கும் ஊற்றலாம். உங்கள் 349 ரூபாய்க்காரன் பாதித் தண்ணீரைப் புளியமரத்து உச்சியில் தெளிக்கிறான்.

தண்ணீர் தாங்குமா என்பதற்கு அட்டையில் ஐபிஎக்ஸ்4 என்ற குறி இருந்தால் சாதாரண மழை தாங்கும். மழை நாளில் இன்னொன்று: நனைந்த தார் வெளிச்சத்தை உங்கள் பக்கம் திருப்பாமல் முன்னாலேயே அனுப்பிவிடும். லைட் கெட்டுப்போச்சோ என்று தோன்றும். கெடவில்லை, வேகத்தைத்தான் குறைக்க வேண்டும்.

வயக்காட்டான்:

எதுக்கு இவ்வளவு யோசனை? ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிறவன் நெற்றியில் கட்டுகிற லைட் 250 ரூபாய். தலை திரும்புகிற பக்கமெல்லாம் வெளிச்சம். பாம்பு கிடந்தாலும் தெரியும்.

வெட்டாற்றங்கரை:

அதையும் கட்டிப் பார்த்தேன் தம்பி. ஐப்பசியில் எங்கள் பக்கம் பச்சைப்பூச்சி எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியாததா? தெருவிளக்குக்குக் கீழே கூட்டி அள்ளலாம். நெற்றியில் லைட் இருந்தால் அத்தனையும் நேரே முகத்துக்குத்தான் வரும். வாயைத் திறந்து மூச்சு வாங்குகிற வயசு எனக்கு. இரண்டை விழுங்கியே விட்டேன். சர்க்கரைக்கு நல்லதா என்று டாக்டரிடம் கேட்கவில்லை.

மூன்ஸ்டர் சைக்கிள்காரன்:

அண்ணை, நான் ஜெர்மனியில மூன்ஸ்டரில் இருக்கிறன். இஞ்ச ஆள் இருக்கோ இல்லையோ வீட்டுக்கு வீடு சைக்கிள் இருக்கும். லைட் இல்லாமல் ஓடிப் பிடிபட்டால் 20 யூரோ தண்டம். விளக்குக்கும் சட்டம் இருக்கு: 10 மீட்டர் தள்ளி அளந்தால் குறைஞ்சது 10 லக்ஸ் விழ வேணும், எதிரில வாறவையின்ர கண் கூசவும் கூடாது. அதனால இஞ்ச விக்கிற லைட்டின்ர வெளிச்சம் மேல் பக்கம் கத்தியால வெட்டின மாதிரி நிக்கும், கார் லைட் போல. உங்களுக்குத் திட்டு விழுந்ததுக்கு மருந்து அதுதான். வாங்கும்போது கண்ணாடியைப் பாருங்கோ. உள்ளுக்குள்ள வட்டக் கிண்ணம் மட்டும் இருந்தால் அது டோர்ச். வரிவரியாகக் கோடு போட்ட கண்ணாடியோ, எல்.இ.டி. கீழ் நோக்கி ஒரு வளைஞ்ச தகட்டில அடிக்கிற மாதிரியோ இருந்தால் நல்லது.

என்னட்ட இருக்கிறது சக்கரத்தின்ர நடுவுக்குள்ளேயே இருக்கிற டைனமோ, 6 வோல்ட், 3 வாட். சார்ஜ் பண்ணுற கவலை இல்லை, நிண்டாலும் கொஞ்ச நேரம் எரியும். ஆனால் உங்கட காசுக்கு வராது, சக்கரமும் புதுசாய்க் கட்ட வேணும்.

டைனமோ என்றதும் ஒண்டு ஞாபகம் வருது. தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லை, பேட்டரியும் கிடையாது. சைக்கிளைத் தலைகீழாய் நிப்பாட்டி, ஒருத்தர் பெடலைச் சுத்த, டைனமோவில ரேடியோ கேட்ட ஆக்கள் நாங்கள். செய்தி நடுவில சுத்துறவன் களைச்சுப் போனால் வாசிக்கிறவரின்ர குரலும் இறங்கும். எல்லாரும் சேர்ந்து அவனைப் பேசுவம்.

மன்னார்குடி சைக்கிள் கடை:

கேள்வி கேட்ட ஐயாவுக்கு. கடை வைத்து முப்பத்தோரு வருஷம் ஆகிறது.

டயரில் உரசிச் சுற்றுகிற பழைய பாட்டில் டைனமோ இப்பவும் என்னிடம் இரண்டு கிடக்கிறது, தரமாட்டேன். டயர் ஓரத்தைத் தின்னும், மழையில் வழுக்கும், மெதுவாகப் போனால் மினுக்கும். அதில் சாதாரண எல்.இ.டி. பல்பைச் சொருகி இரண்டு நாளில் கருக்கிக்கொண்டு வந்தவர்கள் நிறையப் பேர். அது ஏ.சி. கரண்ட், வேகம் கூடினால் வோல்ட்டும் ஏறும். நடுவில் சர்க்யூட் வேண்டும். பேட்டரி லைட்டே வாங்குங்கள்.

எங்கே மாட்டுகிறீர்கள் என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை. உங்கள் வண்டியில் ஹேண்டில்பாருக்கு அடியிலேயே பிரேக் ராடு ஓடும், கிளாம்ப் சரியாக உட்காராது. அதனால்தான் தலையைத் தொங்கப்போடுகிறது. அந்தப் பழைய கொக்கி இருக்கிறதே, அது தங்கம். பழைய ஹேண்டில்பாரில் மூன்று அங்குலம் அறுத்து அந்தக் கொக்கியில் போல்ட் போட்டுக் குறுக்கே நிறுத்துங்கள். மேலே பழைய டியூபில் ஒரு துண்டு சுற்றி, அதன் மேல் லைட்டின் கிளாம்பை இறுக்குங்கள். அசையாது.

கொக்கி கொஞ்சம் கீழே இருப்பதும் நல்லதுதான். பள்ளம் கண்ணுக்குத் தெரிவது அதன் நிழலால். விளக்கு கீழே இருந்தால் கல்லுக்கும் பள்ளத்துக்கும் நீளமாக நிழல் விழும். நெற்றியில் இருந்தால் கண்ணும் வெளிச்சமும் ஒரே பக்கம், நிழல் ஒளிந்துகொள்ளும், ரோடு சப்பையாகத் தெரியும். வயல் வரப்புக்கு நெற்றி லைட் சரி, தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பிரேக் கட்டையையும் மாற்றிவிடுங்கள். அந்த இரும்பு ரிம் நனைந்தால் ராட் பிரேக் பிடிப்பது பெயருக்குத்தான். சிங்காநல்லூர்க்காரர் சொன்ன ஐந்தாறு மீட்டர் மழையில் பல மடங்காகும்.

வெட்டாற்றங்கரை:

பதினெட்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மாசி பிறந்து கடையில் ஸ்டாக் எடுக்கிற வேலை.

1,180 ரூபாய்க்கு 400 லூமென் லைட் ஒன்று, வரிக் கண்ணாடி போட்டது. கடைக்காரர் சாயங்காலம்வரை மாற்றிக்கொள்ளலாம் என்றார், அதனால் மாடிப்படி இருட்டில் சுவரில் அடித்துப் பார்த்தே வாங்கினேன். மன்னார்குடி ஐயா சொன்னபடி குழாய்த் துண்டு போட்டாகிவிட்டது. வெல்டிங் பட்டறைப் பையன் அறுத்துக் கொடுத்து முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டான்.

உயரம் வைக்கத்தான் ஒரு மணி நேரம் போயிற்று. லைட் தரையிலிருந்து 88 சென்டிமீட்டர். 20 மீட்டரில் தரையைத் தொட வேண்டும் என்றால் 5 மீட்டரில் நாலில் ஒரு பங்கு, 22 சென்டிமீட்டர், இறங்கியிருக்க வேண்டும். வீட்டுச் சுவரில் 66-ல் சாக்பீஸால் கோடு போட்டு, ஐந்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, வெளிச்சத்தின் நடுவை அந்தக் கோட்டில் உட்கார வைத்தேன். ஸ்டாண்டு போட்டால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு கணக்குத் தப்புகிறது. வீட்டம்மாதான் வண்டியை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார், என்னைப் பற்றிச் சில கருத்துகளோடு.

மெயின் ரோட்டில் 200-ல் வைக்கிறேன், ஆற்றங்கரைக்குத் திரும்பியதும் 400. இரண்டு ராத்திரிக்கு ஒரு முறை கடையில் பில் போடுகிற கம்ப்யூட்டரிலேயே சார்ஜ். எதிரே வருகிறவர்கள் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. மினுக்குகிற மோடைத் தொடுவதே இல்லை, தூரம் பிடிபடமாட்டேன் என்கிறது.

நேற்று அதே இடத்தில் நெல் குவியல் இன்னும் இருந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் ஒரு முழ நிழல். இறங்காமலே எண்ணினேன், பதினொன்று.

சிங்கை_பெடல்:

சந்தோஷம் அண்ணே. பின்னால் என்ன வைத்திருக்கிறீர்கள்?

வெட்டாற்றங்கரை:

மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர், அப்பா காலத்தது, பாதி உடைந்தது. ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடிக்கு ஒரு துக்கத்துக்குப் போகிறேன். ஐயா கடை திறந்திருக்குமா?

மன்னார்குடி சைக்கிள் கடை:

ஒரு மணி வரைக்கும் இருப்பேன். சிவப்பு லைட்டும் எடுத்து வைக்கிறேன், பிரேக் கட்டை நாலும் எடுத்து வைக்கிறேன். அதை இன்னும் மாற்றியிருக்கமாட்டீர்கள்.