"உங்களுக்கு எத்தனை யூனிட்?" - முட்டை வளர்ற ஊசி அளவு பற்றி நம்ம அனுபவங்கள்

நீடாமங்கலம் மருமகள்:

டெஸ்ட் ட்யூப் சிகிச்சைக்குப் போற இடத்துல டோக்கன் வாங்கிட்டு உட்கார்ந்தா முதல் கேள்வி "எந்த ஊரு?", ரெண்டாவது "எத்தனை யூனிட்?" நானும் கேட்டிருக்கேன். பக்கத்துல இருந்த பாபநாசம் அக்காவுக்கு 225. எனக்கும் 225. எல்லாருக்கும் இதுதான் போலன்னு நிம்மதியாயிட்டேன்.

அக்காவுக்கு வயசு 37. எனக்கு 28, எடை 49 கிலோ, நீர்க்கட்டி வேற, ஏஎம்ஹெச் (சினைப்பையில முட்டை இருப்பு எவ்வளவுன்னு காட்டற ரத்தப் பரிசோதனை) 8-க்கு மேல. ரெண்டு ஃபைல்லயும் ஒரே எண். இதைக் கேள்வி கேட்கணும்னே அப்ப எனக்குத் தெரியாது.

எட்டாம் நாள் ஸ்கேன்ல டாக்டரம்மா முட்டைப் பைகளை எண்ணிக்கிட்டே வந்தாங்க. ஒரு கட்டத்துல எண்றதை நிறுத்திட்டு நர்ஸைப் பார்த்தாங்க. 31 முட்டை எடுத்தாங்க. மாமியாருக்குத் தலைகால் புரியலை, தெருவே தெரிஞ்சுக்கிச்சு. மூணாம் நாள் புடவைக் கொசுவம் இடுப்புல நிக்கலை. நாலாம் நாள் செருப்பு மாட்டக் குனிய முடியலை. ரெண்டு நாள்ல மூணு கிலோ ஏறிடுச்சு. தண்ணியா குடிக்கிறேன், சிறுநீர் ஒரு டம்ளர்கூடப் போகலை. சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டா ரத்தக் குழாய்லேர்ந்து நீர் கசிஞ்சு வயித்துல கட்டிக்குமாம். அட்மிட் பண்ணி ஊசி வச்சு நீரை எடுத்தாங்க. திருக்கருகாவூர் நெய் டப்பா கட்டிலுக்குப் பக்கத்துலயே திறக்காம கிடந்துச்சு.

அடுத்த வருஷம் வேற டாக்டர். மருந்துச் சீட்டை எடுக்கறதுக்கு முன்னாடி பழைய சார்ட்டைக் கேட்டார். வீட்ல பார்த்த எடை வேண்டாம், செருப்பைக் கழட்டிட்டு மெஷின்ல ஏறும்மான்னார். தலைக்குளிச்ச ரெண்டாம் நாள் ஸ்கேன்ல ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன பைகளை எண்ணி எழுதிக்கிட்டார். ஆரம்பிச்சது 112.5 யூனிட். பேனா ஊசியில அந்த அரைப் புள்ளியில டயல் நிக்குதான்னு என் வீட்டுக்காரர் செல்போன் டார்ச் அடிச்சுப் பார்த்தார். நான் அழுதேன். பாதி மருந்துக்குப் பாதி முட்டைதானே வரும்னு.

முட்டை எடுக்கறதுக்கு முன்னாடி, அது முதிர்றதுக்காகக் கடைசியா போடற ஊசியும் வேற. முதல் தடவை போட்ட ஹெச்சிஜி உடம்புல பல நாள் தங்கி வீக்கத்தைத் தூண்டுமாம். இந்தத் தடவை போட்டது நம்ம மூளையையே கொஞ்ச நேரம் ஹார்மோன் சுரக்க வச்சுட்டு அடங்கிடுது. 12 முட்டை. கருவை உறைய வச்சு, ரெண்டு மாசம் கழிச்சுத்தான் உள்ளே வச்சாங்க. முட்டை எடுத்த மறுநாள் நானே பஸ்ஸுல ஏறி வீட்டுக்கு வந்தேன்.

வலங்கைமான் அக்கா:

எனக்கு நேர் எதிர். வயசு 39, ஏஎம்ஹெச் 0.6. 300 போட்டாங்க. 450 போடுங்க, செலவு பத்திக் கவலை இல்லைன்னு நானே சண்டை போட்டேன். டாக்டர் அசையலை. வெளியே வந்ததும் எங்க வீட்டுக்காரர் சொன்னார்: "நாத்தங்கால்ல மூணு நாத்துதான் இருக்கு. யூரியாவை மூட்டையாக் கொட்டினா நாலாவது முளைக்குமா?" கோபம்தான் வந்துச்சு, ஆனா மனுஷன் சொன்னது சரி. அந்த மாசம் வளரத் தயாரா இருக்கற பைகளைத்தான் ஊசி வளர்க்கும், இல்லாததை உண்டாக்காது. மூணு முட்டை. ஒண்ணுதான் தேறுச்சு. அதுக்கு மேல இப்ப சொல்ல மனசில்லை.

திருவாரூர் நர்ஸ்:

நான் இந்தப் பிரிவுல வேலை பார்க்கறவ. ஒண்ணு சொல்லிடறேன். 'உங்களுக்கேத்த அளவு'ன்னா குழந்தை நிச்சயம்னு சில பேர் நம்பி வர்றாங்க. நெதர்லாந்துல சுமார் 1,500 பெண்களை வச்சு ஆராய்ச்சி பண்ணி 2017-ல வெளியிட்டாங்க. ஸ்கேன்ல எண்ணி அளவை மாத்தினவங்களுக்கும், எல்லாருக்கும் போல 150 போட்டவங்களுக்கும் குழந்தை பிறந்த விகிதத்துல பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா முட்டை நிறைய வரும்னு எதிர்பார்த்தவங்களுக்கு 100-ஆகக் குறைச்சப்போ, அந்த வயித்து வீக்கம், அதுல லேசான, நடுத்தர வகை, குறைஞ்சுது. நீடாமங்கலம் தங்கச்சி மாதிரி உள்ளவங்களுக்கு அளவு பார்க்கறது முதல்ல பாதுகாப்புக்காக. ஏஎம்ஹெச்சையும் எடையையும் வச்சே அளவு கணக்குப் போடற ஊசியும் இப்ப வந்திருக்கு. எதுவா இருந்தாலும் பழைய சிகிச்சையோட சார்ட்டைத் தொலைச்சிடாதீங்க. போன தடவை உடம்பு என்ன பண்ணுச்சுங்கறதை எந்த ரத்தப் பரிசோதனையும் அவ்வளவு துல்லியமாச் சொல்லாது.

குத்தாலத்துப் பெண்:

எனக்கு முந்தாநாள்தான் ஆரம்பிச்சாங்க. 150. ஓரகத்திக்கு 225 போட்டதால எனக்குக் குறைவோன்னு ராத்திரி தூக்கமே இல்லை. இதைப் படிச்சதும் ஃபைலை எடுத்துப் பார்த்தேன், ஏஎம்ஹெச் 5.2. நாளைக்கு டாக்டர்கிட்ட கேட்கறேன். இன்னொரு சந்தேகம், எங்க தெருவுல மதியம் ரெண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. ஊசியை ஐஸ் பையில வச்சு எடுத்துட்டுப் போகலாமா?

நீடாமங்கலம் மருமகள்:

ஃப்ரிட்ஜைத் திறக்காம விட்டா ரெண்டு மணி நேரம் தாங்கும்மா. பஸ்ஸுக்குன்னா ஐஸ் பையில வைக்கலாம், ஆனா ஐஸ்மேல நேரா வைக்காதே, உறைஞ்சா மருந்து வீணாயிடும். நடுவுல ஒரு துண்டை மடிச்சு வை. நான் ஈயச் சொம்புக்குச் சுத்தற பழைய துணியைத்தான் வச்சேன். ஸ்கேன் முடிஞ்சதும் எத்தனை பைன்னு எழுதி வாங்கிக்கோ.