2^67 − 1: விரிதாளில் கடைசி ஆறு இலக்கங்களும் பூச்சியமாக வருகின்றன, உதவி தேவை

கணக்கு ஆசிரியை:
வணக்கம். 2^67 − 1 பகா எண் என்று 1644இல் பிரெஞ்சுத் துறவியும் கணிதவியலாளருமான மெர்சென் எழுதியதையும், 1903இல் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதவியலாளர் கோல் அதன் இரு காரணிகளைக் கரும்பலகையில் பெருக்கிக் காட்டியதையும் பத்தாம் வகுப்பில் சொன்னேன். நாமும் பெருக்கிப் பார்க்கலாம் என்று பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். விரிதாளில் 193707721 × 761838257287 கொடுத்தால் 147573952589676000000 வருகிறது. 1ஐயும் 7ஐயும் பெருக்கினால் கடைசி இலக்கம் 7 அல்லவா? 2^67 − 1இலிருந்து 2^67ஐக் கழித்தால் −1க்குப் பதில் 0 வருகிறது. எதை மாற்ற வேண்டும்?

நிரலாளர்:
சூத்திரம் சரிதான் டீச்சர். விரிதாள் 15 இலக்கம் வரைதான் காட்டும். உங்கள் விடைக்கு 21 இலக்கம். உள்ளேயும் 53 பிட் (இரும இலக்கம்) அளவுக்கே துல்லியம் என்பதால் 2^67 − 1ஐ அது 2^67 என்றே வைத்துக்கொள்கிறது. அதனால்தான் 0. கட்டத்தின் வடிவமைப்பை மாற்றிப் பயனில்லை.

இரண்டாம் காரணியை 761838 (இது பத்து இலட்சங்களின் எண்ணிக்கை) என்றும் 257287 என்றும் உடையுங்கள்.
193707721 × 761838 = 147573902751198
193707721 × 257287 = 49838478412927
முதல் விடை சரியாக 15 இலக்கம், எல்லைக்குள் வந்துவிட்டது! இரண்டாவதில் கடைசி ஆறு இலக்கங்களை (412927) தனியே வைத்து, மிச்சமுள்ள 49838478ஐ முதல் விடையோடு கூட்டுங்கள்: 147573952589676. பக்கத்தில் 412927ஐ எழுதினால் 147573952589676412927.

கணக்கு ஆசிரியை:
அப்படியே வந்துவிட்டது, மிக்க நன்றி. இப்போது ஒரு மாணவி, "இந்த இரண்டு காரணிகளும் இன்னும் உடையாதா?" என்று கேட்கிறாள். எல்லாப் பகா எண்களாலும் வகுக்கச் சொல்ல முடியுமா?

எண் கோட்பாடு மாணவர்:
அருமையான கேள்வி, அவளிடம் சொல்லுங்கள். எல்லாவற்றாலும் வகுக்க வேண்டியதில்லை. 67 பகா எண் என்பதால் 2^67 − 1இன் எந்தப் பகாக் காரணியும் 134k + 1 வடிவில்தான் (k ஒரு முழு எண்) இருக்கும். (ஃபெர்மாவின் சிறிய தேற்றத்திலிருந்து வருவது, 67 அந்தக் காரணி − 1ஐ வகுக்கும், காரணி ஒற்றை எண் என்பதால் 134.) கோலின் காரணியையே பாருங்கள்: 193707720 = 134 × 1445580. தவிர, அந்தப் பகாக் காரணியை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். அதனால் 4ஆல் வகுக்கும்போது மீதி 0 அல்லது 1 தரும் k மட்டும் போதும்.

ஓர் எண் உடையுமானால் அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாத பகாக் காரணி ஒன்றாவது இருக்கும். 761838257287இன் வர்க்கமூலம் 872833ஐச் சற்றே தாண்டும். ஆகவே k 1இலிருந்து 6513 வரை போனால் போதும், மொத்தம் 3257 வரிசைகள். சிறிய காரணிக்கு k 103 வரை. இரண்டுமே 15 இலக்கத்துக்குள் அடங்குவதால் மீதிச் சார்பை (MOD) நம்பலாம். எந்த வரிசையிலும் மீதி 0 வராது, அதாவது இரண்டும் பகா எண்களே.