பம்பரம் சுற்றவே மாட்டேங்குது, என்ன செய்வது?

மேலூர்வாசி:
திருவிழாக் கடையில் மகனுக்கு மரப் பம்பரம் ஒன்று வாங்கினேன். 8 வயது. எறிந்தால் படுத்துக்கொண்டு உருண்டு ஓடுகிறது. நான் சென்னையில் மாடிவீட்டில் வளர்ந்தவன், எனக்கும் தெரியாது. அபீட் என்று சொல்வார்களே, அதை எப்படி ஆடுவது என்றும் யாராவது சொல்லுங்கள்.

தாமிரபரணிக்காரன்:
முதலில் கடையில் கொடுத்த சாட்டையைத் தூக்கிப் போடுங்கள் தம்பி. நைலான் கயிறாக இருந்தால் வழுக்கும். பருத்திக் கயிறு வாங்கி, ஒரு முனையில் தட்டையாக்கிய சோடா மூடியை ஓட்டை போட்டுக் கட்டுங்கள். விரலிடுக்கில் அதுதான் பிடித்து நிற்கும். மறுமுனையைத் தண்ணீரில் நனைத்து (நாங்கள் எச்சில்தான்) ஆணியோடு சேர்த்து அழுத்தி, முதல் சுற்றை அதன் மேலேயே இறுக்குங்கள். அப்புறம் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிவரியாகப் பாதிக் கட்டை வரைக்கும் சுற்றினால் போதும்.

சின்னப் பிள்ளைகள் எறிவதோடு விட்டுவிடுவார்கள். எறிந்த கையை வெடுக்கென்று பின்னால் இழுக்க வேண்டும். சுழற்சி அந்த இழுப்பில்தான் வருகிறது. மண் தரையில் பழகட்டும், டைல்ஸில் விட்டால் வீட்டம்மாவிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அபீட்டுக்கு ஒரு வட்டம் கீறுங்கள். எல்லோரும் ஒன்றாகப் பம்பரத்தை விட்டு, சுற்றிக்கொண்டிருக்கும்போதே சாட்டையை ஆணியில் வளைத்து எகிற வைத்துக் கையில் பிடிக்க வேண்டும். கடைசியாகப் பிடித்தவன் கட்டை வட்டத்துக்குள் போகும். மற்றவர்கள் அதைக் குறிபார்த்துக் குத்துவார்கள். குத்துகிறவன் பம்பரம் சுற்றாமல் படுத்துவிட்டால் அவனுடையதும் உள்ளே. கட்டை வட்டத்தை விட்டு வெளியே வந்ததும் மறுபடி அபீட். ஊருக்கு ஊர், ஏன் தெருவுக்குத் தெரு சட்டம் மாறும், ஆடுமுன் பேசிக்கொள்ளுங்கள்.

ஆணி குத்திய தழும்புக்கு ஆக்கர் என்போம். தலையெல்லாம் ஆக்கர் விழுந்த கட்டை வைத்திருந்தவனுக்குத்தான் எங்கள் தெருவில் மரியாதை. கொய்யாக் கட்டை எத்தனை குத்தையும் தாங்கும், மிருதுவான மரம் ஒரே குத்தில் பிளந்துவிடும். சாயத்தைப் பார்த்து வாங்காதீர்கள்.

செங்கமலம்:
எங்கள் வீட்டில் பெண் பிள்ளைகளுக்குப் பாண்டியும் தட்டாங்கல்லும்தான், பம்பரத்தைத் தொட்டால் ஏச்சு விழும். அண்ணன் இல்லாத நேரம் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பழகினேன். ஒன்று கேட்கிறேன், பையன் இடக்கையா? நானும் அப்படித்தான். அண்ணன் சுற்றுகிற திசையில் சுற்றினவரைக்கும் எனக்கும் உருண்டுதான் ஓடியது. எதிர்ப்பக்கமாகச் சுற்றச் சொல்லுங்கள். ஆடும்போது மற்ற பிள்ளைகள் நாலடி தள்ளி நிற்கட்டும், ஆணி காலில் இறங்கிவிடும்.

மேலூர்வாசி:
அக்கா, இடக்கையேதான்! இது எனக்குத் தோன்றவே இல்லை. நாளைக்கு மாற்றிச் சுற்றிப் பார்க்கிறோம். ஆனால் சோடா மூடிக்கு இப்போது எங்கே போவது?

தாமிரபரணிக்காரன்:
தையல்காரரிடம் கோட்டுக்குத் தைக்கிற பெரிய பொத்தான் கேளுங்கள். ஓட்டை போடும் வேலையும் மிச்சம்.