மெக்கானிக்கல் வால்வு: ஐஎன்ஆர் 1.7க்கு இறங்கிவிட்டது, கீரையை நிறுத்தலாமா?

கேள்வி:
அம்மாவுக்கு இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் இடத்தில் மெக்கானிக்கல் (செயற்கை) வால்வு. ரத்தம் உறையாமலிருக்க தினமும் அசிட்ரோம் மாத்திரை 2 மி.கி. ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு; குறைந்தால் சீக்கிரம் உறையும்) 2.5 முதல் 3.5 வரை இருக்கவேண்டும் என்றார்கள். போன மாதம் 2.8, இன்று 1.7. இந்த வாரம் நாலு நாள் முருங்கைக்கீரை சாப்பிட்டார்.

பதில் 1:
முதலில் ரிசல்ட்டை இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். மைட்ரல் வால்வுக்கு 1.7 போதாது, மாத்திரை அளவைக் கூட்டி, தேவைப்பட்டால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும் போடுவார்கள். நீங்களாகக் கூட்டாதீர்கள். கீரையை அடியோடு விடவும் வேண்டாம். அதிலுள்ள வைட்டமின் கே மருந்தை எதிர்க்கும் என்பது சரிதான், ஆனால் ஒரு வாரம் தொடாமல் மறுவாரம் குவித்துத் தின்பதுதான் வம்பு. வாரம் இரண்டு தடவை, ஒரே அளவு என்று வையுங்கள். நடுவில் மாத்திரை விட்டுப்போனதா என்றும் பாருங்கள். அதே நாளில் ஞாபகம் வந்தால் போடலாம். மறுநாள் இரட்டிப்பாக்கக் கூடாது.

பதில் 2:
அயோர்ட்டிக் (இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் போகும் வாசலிலுள்ள) வால்வென்றால் பலருக்கு 2 முதல் 3 போதும். மைட்ரல் வழியே ரத்தம் மெதுவாகப் போவதால் கட்டி சுலபமாக உறையும். உறைந்த கட்டி வால்வு இதழைப் பிடித்துக்கொண்டால் வழக்கமான ‘டிக் டிக்’ சத்தம் மங்கும், மூச்சு வாங்கும். அப்போது நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. கிருமித்தொற்றுக்கான மெட்ரோனிடசோல் ஐஎன்ஆரை ஏற்றும்; வலி மாத்திரையான டைக்ளோஃபெனாக் வயிற்றில் ரத்தம் கசியவைக்கும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடவே கூடாது.

கேட்டவர்:
ஐஎன்ஆர் டெஸ்ட் தேவைப்படாத, ரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு மருந்தான டாபிகட்ரானுக்கு மாறலாமா?

பதில் 2:
கூடாது. மெக்கானிக்கல் வால்வுக்காரர்களிடம் அதை வார்ஃபரினோடு (அசிட்ரோம் வகை மருந்து) ஒப்பிட்டு 2013இல் வெளியான ஆய்வில் ரத்தக்கட்டி, ரத்தக்கசிவு இரண்டுமே கூடின, பாதியிலேயே நிறுத்தினார்கள்.